கொச்சி யூதர்களின் பாட்டும் படிப்பும்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வெளியான மட்டாஞ்சேரிப் பயணக் குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் மேசையில் குவிந்திருக்கின்றன. கொச்சியின் அந்தப் பகுதியிலுள்ள யூதக் கோயிலில் தொழுதவர்கள் என்ன பாடினார்கள், என்ன படித்தார்கள், பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்றே பெரும்பாலான கடிதங்கள் கேட்கின்றன. கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான் என்பதால், இந்த இதழின் பதில் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மட்டாஞ்சேரி யூதக் கோயிலுக்குக் குடும்பத்துடன் போயிருந்தோம். நீலத் தரை ஓடுகளையும் கண்ணாடி விளக்குகளையும் பார்த்துவிட்டுக் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். இத்தனை பழைய சமூகம் கலை என்று விட்டுச்சென்றது இந்த ஒரு கட்டடத்தை மட்டும்தானா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் பார்த்தவை அழகானவைதான். 1568இல் கட்டப்பட்ட அந்தப் பரதேசி யூதப் பள்ளியின் (பரதேசி என்றால் வெளிநாட்டிலிருந்து வந்தவர், பள்ளி என்றால் இங்கே வழிபாட்டிடம்) தரையில் பதிந்திருக்கும் வெள்ளை, நீல ஓடுகள் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவை. ஒவ்வொன்றும் கையால் தீட்டப்பட்டது என்பதால், ஓர் ஓட்டைப் போல் மற்றோர் ஓடு இல்லை என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். டச்சுக் கம்பெனியுடன் வணிகம் செய்த எசக்கியேல் ரஹாபியின் பெயர் அந்த ஓடுகளோடும், 1760இல் எழுந்த மணிக்கூண்டோடும் சேர்த்தே சொல்லப்படுகிறது. அந்த மணிக்கூண்டின் ஒரு முகப்பில் எபிரேய எண்களும் இன்னொரு முகப்பில் ரோமன் எண்களும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஆனால் ஓடுகளைச் செய்தவர்கள் சீனத்துக் கைவினைஞர்கள். சரவிளக்குகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. கடல் வணிகத்தில் செல்வம் சேர்த்த சில குடும்பங்கள் விலைகொடுத்து வாங்கி வழிபாட்டிடத்துக்கு அளித்த பொருள்கள் அவை. அந்தச் சமூகம் தன் வாயாலும் கையாலும் தானே உண்டாக்கிக்கொண்ட கலை எதுவென்று என்னைக் கேட்டால், பெண்களின் பாட்டு நோட்டுகளைத்தான் முதலில் காட்டுவேன்.

கேரள யூதப் பெண்கள் தங்கள் மலையாளப் பாடல்களை நோட்டுப்புத்தகங்களில் எழுதிவைத்திருந்தார்கள். தாயிடமோ அத்தையிடமோ இருந்த பழைய நோட்டைப் பார்த்து இளம்பெண் ஒருத்தி தன் கையெழுத்தில் படியெடுப்பாள். அவளுடைய நோட்டிலிருந்து அடுத்த தலைமுறை படியெடுக்கும். கல்யாணம், பண்டிகை, புதுமனை புகுதல் என்று வீட்டில் எது நடந்தாலும் பெண்கள் கூடிப் பாடினார்கள். ஆபிரகாம், யோசேப்பு, மோசே ஆகியோரின் கதைகளைச் சொல்லும் பாடல்கள், மணமக்களை வாழ்த்தும் பாடல்கள், இன்ன பள்ளி எப்படி எழுந்தது என்று அதன் வரலாற்றைச் சொல்லும் பாடல்கள், கைகொட்டி வட்டமாக ஆடிக்கொண்டே பாடுகிறவை, கிளியை அழைத்துப் பாடுகிறவை என்று அவற்றில் பல வகை உண்டு. பெண் குரலில் வரும் பாட்டை ஆண்கள் கேட்கலாகாது என்று வேறு நாடுகளில் பழமை பேணிய யூதச் சமூகங்கள் பல விலக்கி வைத்திருந்தன. கேரளத்தில் அந்த விலக்கு இல்லை. ஆண்கள் அமர்ந்திருக்கும் அவையிலேயே பெண்கள் குரலெடுத்துப் பாடினார்கள், ஆண்கள் மதிப்போடு கேட்டார்கள். சுற்றுலாக் குறிப்புகளில் இந்தச் செய்தி ஒரு வரிகூட இடம் பெறாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி: அந்தப் பாடல்கள் நமக்குப் புரியுமா? யூதர்கள் வீட்டில் எபிரேயம் பேசினார்களா, மலையாளம் பேசினார்களா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: வழிபாட்டில் எபிரேயம், வீட்டிலும் கடைத்தெருவிலும் மலையாளம். அவர்கள் பேசிய மலையாளத்தை ஆய்வாளர்கள் யூத மலையாளம் என்று தனியாகக் குறிப்பிடுகிறார்கள். தமிழிலிருந்து மலையாளம் முழுவதுமாகப் பிரிவதற்கு முந்தைய காலத்தின் சொற்களும் ஒலிகளும் அதில் தங்கியிருக்கின்றன என்பதுதான் அதற்கு முக்கியமான காரணம். மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் யூதர்கள் தாங்கள் பேசிய மொழியை எபிரேய எழுத்தில் எழுதுவது வழக்கமாக இருந்தபோது, இவர்களுடைய பாட்டு நோட்டுகள் மலையாள எழுத்திலேயே இருக்கின்றன.

நாகர்கோவிலில் இருந்து எழுதும் உங்களுக்கு இந்த மொழிக் கலப்பை விளக்கிச் சொல்லத் தேவையிராது. ஒருவர் இறந்துவிட்டார் என்பதை அவர்கள் 'சாலோம் ஆயி' என்று சொன்னார்கள். சாலோம் என்பது அமைதியைக் குறிக்கும் எபிரேயச் சொல். ஆயி என்பது நம் 'ஆயிற்று'. இறந்தார் என்று நேராகச் சொல்லக் கூசி 'இறைவனடி சேர்ந்தார்' என்கிற நமது வழக்கத்துக்கு அது எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று பாருங்கள். எபிரேயப் பெயரும் திராவிட வினையும் ஒரே சொற்றொடரில் கூடி வாழ்வதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

இந்தப் பாடல்களில் தெரிந்தெடுத்த ஒரு தொகுப்பை ஸ்கறியா சக்கறியாவும் ஓஃபிரா கம்லியேலும் 2005இல் ஜெருசலேமின் பென்–ட்ஸ்வி நிறுவனத்தின் வழியாக மலையாளத்திலும் எபிரேயத்திலும் வெளியிட்டார்கள். அந்த நூலின் தலைப்பில் முதலில் நிற்கும் சொல் 'கார்குழலி'. அதற்குப் பொருள் கேட்டு உங்களுக்கு அகராதி வேண்டியதில்லை.

கேள்வி: யூதர்களுக்குச் சேர அரசன் கொடுத்த செப்பேடு தமிழில்தான் எழுதப்பட்டது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். அது சரியா? அதில் கலை பற்றி ஏதாவது செய்தி உண்டா?
(கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஏறத்தாழ கி.பி. 1000இல் பாஸ்கர ரவி என்ற சேர மன்னன் யோசேப்பு ரப்பான் என்பவருக்கு வழங்கிய அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. தமிழும் மலையாளமும் முற்றிலும் பிரிந்திராத காலத்து மொழி அது. தமிழ் அறிஞர்கள் அதைத் தமிழ் என்றும் மலையாள அறிஞர்கள் பழைய மலையாளம் என்றும் சொல்வார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு என்பதே என் கருத்து. மன்னன் முயிரிக்கோட்டில் இருந்து இந்த உரிமைகளை அளித்ததாக அது கூறுகிறது.

உங்கள் இரண்டாவது கேள்வி என்னை மிகவும் மகிழ்வித்தது, ஏனென்றால் அந்தச் செப்பேட்டை வணிக ஆவணமாக மட்டுமே பலர் படிக்கிறார்கள். 72 உரிமைகள் கொடுக்கப்பட்டன என்று சொல்லும் அந்த ஏடு, அவற்றுள் சிலவற்றைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காளம், தோரணம் என்பவை அவற்றுள் அடங்கும். பகலிலும் விளக்கேந்தி ஊர்வலம் செல்லலாம். நடக்கும் வழியில் துணி விரிக்கலாம். பாவாடை என்ற சொல்லின் பழைய பொருள் அதுதான், கோயில் விழாக்களில் 'நடைபாவாடை' என்று இன்றும் சொல்கிறோம். அந்தோளகம் என்பது பல்லக்கு. பறை கொட்டலாம், கொம்பு ஊதலாம், தோரணம் கட்டலாம். இசையோடும் ஒளியோடும் தெருவில் ஊர்வலம் போகும் உரிமை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சமூகத்துக்குச் செம்பில் எழுதித் தரப்பட்டிருக்கிறது. அவ்வுரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதில் எத்தனை சண்டைகள் இந்த மண்ணில் நடந்திருக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இந்த அடுக்கின் எடை புரியும்.

இதற்கும் முந்தைய சான்று ஒன்றும் இருக்கிறது. கி.பி. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு கிறித்தவப் பள்ளி ஒன்றுக்கு அளிக்கப்பட்டது. அதில் சாட்சிகளாகக் கையொப்பமிட்டவர்களில் சிலர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியை எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: யூதர்களுக்கு 'முதலியார்' என்ற பட்டம் இருந்தது என்பது உண்மையா?
(வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: உண்மை. கொச்சி அரசர்கள் யூதச் சமூகத்தின் தலைவர்களுக்கு அளித்த பட்டம் அது. வடக்கு பறவூர் யூதப் பள்ளியை 1616இல் எழுப்பியவராக டேவிட் யாக்கோவ் காஸ்தியேல் முதலியாரின் பெயர் சொல்லப்படுகிறது. 'முதல்வர்' என்ற பொருளில் வந்த பட்டம். நீங்கள் நினைக்கும் சாதிப் பெயரோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: கொச்சி யூதர்களிடையே ரபிகள் என்னும் சமய குருமார்கள் இருந்ததில்லை என்று படித்தேன். அப்படியானால் கல்வி எப்படி நடந்தது? யார் கற்பித்தார்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: ஆசிரியராக இருந்தவரிடமிருந்துதான் இப்படி ஒரு கேள்வி வரும். நீங்கள் படித்தது சரி. வழிபாட்டை நடத்துகிறவர், சமய விதிப்படி கால்நடையை அறுக்கிறவர், பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர் ஆகியோர் இருந்தார்களே தவிர, தீர்ப்புச் சொல்லும் ரபி என்ற பதவியில் உள்ளூரில் எவரும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். தீராத ஐயங்களை எழுதி வெளிநாட்டு அறிஞர்களிடம் கேட்டார்கள்.

படிப்பைச் சுமக்க ஒரு தனி ஆள் இல்லாததால் அது வீடுதோறும் பகிர்ந்து சுமக்கப்பட்டது என்று நான் எண்ணுகிறேன். 12ஆம் நூற்றாண்டுப் பயணி துதேலாவின் பெஞ்சமின், மலபார்க் கரையின் யூதர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் மோசேயின் சட்டத்தையும் தீர்க்கதரிசிகளின் நூல்களையும் அறிந்தவர்கள், சமயச் சட்ட விளக்க நூலாகிய தல்மூதும் சிறிது அறிந்தவர்கள் என்று குறிக்கிறார். குருமார் அமைப்பில்லாத ஒரு சிறு சமூகம் இந்த அளவுக்குத் தன் நூல்களைக் காத்துவந்தது சாதாரணச் செய்தியன்று.

கற்பித்த முறையில் இரண்டு செய்திகள் உங்களுக்குப் பிடிக்கும். முதலாவது, பெண் குழந்தைகளும் எபிரேயம் படித்தார்கள். பள்ளியில் ஓதப்படும் வழிபாட்டைப் பெண்கள் மேல்மாடத்திலிருந்து பின்தொடர்ந்து தாங்களும் ஓதினார்கள். இரண்டாவது, வேதப் பகுதிகளைச் சொல்லுக்குச் சொல் மலையாளத்தில் பெயர்த்து வாய்மொழியாகக் கற்பிக்கும் மரபு இருந்தது. அதைத் 'தம்சீர்' என்று அழைத்தார்கள். நாம் திண்ணைப் பள்ளியில் செய்யுளைப் பதம் பிரித்து உரை சொல்லக் கற்றதை நினைவுபடுத்தும் முறை அது. எபிரேயச் சொல் ஒன்று, உடனே அதன் மலையாளம். மீண்டும் எபிரேயச் சொல், மீண்டும் மலையாளம். இப்படி மனத்தில் ஏறிய பழைய மலையாளச் சொற்கள் பேச்சில் மறைந்த பின்னும் ஓதலில் நிலைத்தன.

கட்டடமே இந்தக் கல்விக்கு இடங்கொடுத்து எழுந்திருக்கிறது. எந்த யூத வழிபாட்டிடத்திலும் மோசேயின் சட்டமாகிய தோராவின் சுருளை விரித்து வாசிக்க ஒரு மேடை உண்டு. கேரளத்தில் மட்டும் இரண்டாவது மேடை ஒன்றும் இருக்கும். அது மேல்மாடத்தில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னே அமைந்திருக்கும். ஓய்வுநாள், பண்டிகை வாசிப்புகள் அந்த மேல் மேடையில் நடந்தன. நடுவே மரத் தடுப்பு இருந்தாலும், வாசிப்பவரின் குரல் பெண்களுக்கு மிக அருகில் ஒலித்தது. அடுத்த முறை செந்நமங்கலத்துக்கோ பறவூருக்கோ போனால், கீழே நின்றபடி ஒரு முறை தலையை உயர்த்தி அந்த மேடையைப் பாருங்கள்.

வெளியுலகத் தொடர்பைப் பற்றியும் ஒரு சொல். 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசஸ் பெரேரா டி பைவா தலைமையில் யூத வணிகர்கள் கொச்சிக்கு வந்தார்கள்; அவர் கண்டதை எழுதிய அறிக்கை அடுத்த ஆண்டே அச்சேறியது. அதற்குப் பின் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நூல்கள் வரத் தொடங்கின. 18ஆம் நூற்றாண்டில் கேரள யூதர்களின் வழிபாட்டுப் பாடல்களே அங்கு அச்சிடப்பட்டன. கொடுங்கல்லூரைக் குறிக்கும் 'ஷிங்ளி' என்ற பெயரால் அந்த வழிபாட்டு மரபு இன்றும் அறியப்படுகிறது. மட்டாஞ்சேரியில் அடங்கியிருக்கும் நெகேமியா மூத்தா என்ற கவிஞரை, 1615இல் மறைந்த அந்த ஞானியை, எல்லாச் சமயத்தவரும் வந்து வணங்குகிறார்கள். அவருடைய கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிச் செல்பவர்கள் அவர் எழுதிய மொழியை அறிந்தவர்கள் அல்லர்.

கேள்வி: பண்டிகைகளின்போது என்ன செய்வார்கள்? நம் ஊர்க் கோயில் விழாவின் சாயல் இருந்ததா?
(வாசகி, மதுரை)

பதில்: இருந்தது, அதிலும் சிம்ஹத் தோரா என்னும் நாளில் மிக வெளிப்படையாக இருந்தது. ஓராண்டு முழுவதும் வாரந்தோறும் வாசித்துவரும் தோராவை முடித்து, அன்றே மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கும் மகிழ்ச்சித் திருநாள் அது. உலகெங்கும் யூதர்கள் அன்று சுருள்களைக் கைகளில் ஏந்திப் பள்ளிக்குள் வலம்வருவார்கள். கொச்சியில் மூன்று வழக்கங்கள் கூடுதலாக இருந்தன. சுருள்களை வைக்கும் நிலையான பேழைக்கு முன்னே தற்காலிகப் பேழை ஒன்றைக் கட்டி, பட்டும் மல்லிகையும் சூட்டி, சுருள்களை எல்லோரும் காணும்படி அதில் வைத்தார்கள். பிற்பகலில் சுருள்களை வெளியே எடுத்துவந்து, பள்ளியின் கட்டடத்தைச் சுற்றி ஊர்வலமாக வலம்வந்தார்கள். பண்டிகை முடிவில், கட்டிய அந்தப் பேழையைத் தங்கள் கைகளாலேயே பிரித்துக் கலைத்தார்கள்.

மதுரையில் வாழ்கிற உங்களுக்கு, அலங்கரித்துக் காட்சிக்கு வைத்தல், வெளியே எழுந்தருளப் பண்ணுதல், முடிவில் கலைத்தல் என்ற இந்த வரிசை பழகியதாகத் தோன்றும். அண்டைக் கோயில் விழாக்களிலிருந்து கேரள யூதர்கள் வடிவத்தை ஏற்றார்கள், பொருளைத் தங்களுடையதாகவே வைத்துக்கொண்டார்கள் என்று இதை ஆராய்ந்தவர்கள் விளக்குகிறார்கள். அந்த விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. பள்ளிக்குள் காலணியைக் கழற்றிவிட்டு நுழைவதும், மணப்பெண் தாலி அணிவதும் இதே வகையில் சேர்ந்தவை.

பாஸ்கா பண்டிகைக்கான தயாரிப்பு வேறு விதம். புளித்த மாவின் துகள்கூட வீட்டில் இருக்கலாகாது என்ற விதியை இவர்கள் மிகக் கண்டிப்பாகக் கைக்கொண்டார்கள். பல வாரங்களுக்கு முன்பே அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப் பார்த்துத் தனியே எடுத்துவைப்பார்கள். அந்த வேலையும் பெண்களின் கையில்தான் இருந்தது.

கேள்வி: 'வெள்ளை யூதர்', 'கறுப்பு யூதர்' என்ற பாகுபாடு இருந்ததாகக் கேள்விப்படுகிறேன். கலை, கல்வி என்று பெருமையாகப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது சரியா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: சரியன்று. கேட்டதற்கு நன்றி.

'கறுப்பு யூதர்' எனப்பட்ட, மலபாரில் முன்பிருந்தே வாழ்ந்த யூதர்களும், ஸ்பெயின், போர்த்துக்கல், மேற்காசியா ஆகிய இடங்களிலிருந்து பிற்காலத்தில் வந்து 'வெள்ளை யூதர்' எனப்பட்ட பரதேசி யூதர்களும் தனித்தனிப் பள்ளிகளில் தொழுதார்கள், தம்முள் மணம் செய்துகொள்ளவில்லை. பரதேசிப் பள்ளியின் உள்ளேயே இன்னொரு கோடும் இருந்தது. அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு உள்ளே அமரும் உரிமை இல்லை. அவர்கள் முன்மண்டபத்தில் தரையில் இருந்தார்கள். தோரா வாசிக்க அவர்கள் அழைக்கப்படவும் இல்லை. படிப்பையே உயிராகக் கொண்ட ஒரு சமயத்தில், படித்த மனிதன் ஒருவனை வாசிக்க அழைக்காமல் விடுவது எவ்வளவு கொடிய அவமதிப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் குடும்பங்களுள் ஒன்றில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பாராக் சேலம். சென்னையில் படித்து வழக்கறிஞராகி, கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். காந்தியின் வழியில் சத்தியாக்கிரகம் செய்து இந்த விலக்குகளை எதிர்த்தார். 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. பல ஆண்டுகள் நீண்ட அந்தப் போராட்டத்தால் விலக்குகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவர் 1967இல் காலமானார். பள்ளிக்குப் போகும் தெருவுக்கு இன்று அவருடைய பெயர் இட்டிருக்கிறார்கள்.

இதே பின்னணியிலிருந்து வந்தவர் ரூபி டேனியல். 1912இல் பிறந்து, அரசுப் பணியிலும் இரண்டாம் உலகப்போரின்போது படைப்பணியிலும் இருந்து, 1951இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த அவர், முதுமையில் தம் நினைவுகளை பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து 1995இல் நூலாக்கினார். பெண்களின் மலையாளப் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தவரும் அவரே. தாம் பிறந்த சமூகத்துக்குள் இருந்த தாழ்வை அவர் மறைக்கவில்லை, அந்தச் சமூகத்தின் பாட்டையும் கைவிடவில்லை. எல்லாப் பிரிவினரும் ஒரே பாடல்களைத் தங்கள் நோட்டுகளில் எழுதிவைத்திருந்தார்கள் என்பதை இந்த இடத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளியின் வாசலில் நின்ற கோட்டைப் பாட்டு எளிதாகக் கடந்திருக்கிறது.

கேள்வி: இப்போது அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? எங்கெங்கே போய்ப் பார்க்கலாம்?
(வாசகர், ஈரோடு)

பதில்: விரல்விட்டு எண்ணும் அளவினரே எஞ்சியிருக்கிறார்கள். நாடு விடுதலை பெற்ற காலத்தில் கேரளத்தில் இரண்டாயிரத்துக்கும் சற்று மேற்பட்ட யூதர்களும் எட்டுப் பள்ளிகளும் இருந்தன. 1948இல் இஸ்ரேல் உருவான பிறகு, பெரும்பாலோர் 1950களில் அங்கே குடியேறினார்கள். யாரும் துரத்தியதால் அவர்கள் போகவில்லை. 1968 டிசம்பரில் பரதேசிப் பள்ளியின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார், அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் பரிந்துரை, மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடாமல் வடக்கே செல்ல வேண்டும் என்பதே. செந்நமங்கலம் பள்ளியும் பறவூர் பள்ளியும் செப்பனிடப்பட்டு அருங்காட்சியகங்களாகியிருக்கின்றன. செந்நமங்கலத்தின் முற்றத்தில் சாரா பத் இஸ்ரேல் என்ற பெண்ணின் கல்லறைக் கல் நிற்கிறது, ஆண்டு 1269. ஒரு கையை நீட்டினால் தொடக்கூடிய உயரத்தில், எழுத்துகள் தேய்ந்தும் தேயாமலும் இருக்கும் அந்தக் கல், இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளியின் உட்பகுதியை மட்டும் நீங்கள் கேரளத்தில் பார்க்க முடியாது. அதன் செதுக்கு வேலைப்பாடுள்ள மரப்பகுதிகள் ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே மீண்டும் பொருத்தப்பட்டிருக்கின்றன.

யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹனைப் பற்றி நான்கு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணி, ஆண்கள் தலையில் அணியும் குல்லா ஆகியவற்றில் கையால் பூவேலை செய்து விற்ற அவர், 2019இல் 96ஆம் வயதில் மறைந்தார். அந்தக் கடையையும் அவர் நினைவையும் அவர் மகனைப் போல் பழகிய இஸ்லாமியர் ஒருவர் காத்துவருகிறார்.

ஒரு வேண்டுகோள்: சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதை நினைவில் வைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள். பேர் குறைந்துவிட்டாலும் அது வழிபாட்டிடம்தான்.

கேள்வி: அந்தப் பெண்களின் பாடல்களை யார், எப்படித் தொகுத்தார்கள்? என் பாட்டியிடம் நலங்குப் பாட்டும் தாலாட்டும் எழுதிய பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. எழுத்துப்பிழை நிறைய. அதைத் திருத்தி எழுதிவைக்கலாமா என்று யோசிக்கிறேன்.
(வாசகி, திருவையாறு)

பதில்: திருத்த வேண்டாம். ஏன் என்பதற்கு நீங்கள் கேட்ட முதல் கேள்வியிலேயே விடை இருக்கிறது.

இஸ்ரேலுக்குப் போன பெண்கள் நோட்டுகளையும் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றார்கள். ஆனால் பிள்ளைகள் எபிரேயம் பேசி வளர்ந்தார்கள், திருமண வீடுகளில் வேறு பாடல்கள் ஒலித்தன, மலையாளப் பாட்டு மெல்ல மங்கியது. 1970களில் பார்பரா ஜான்சன், ஷெர்லி ஐசன்பர்க், கேரளத்தில் பி. எம். ஜூசே ஆகியோர் இந்த நோட்டுகளைத் தேடிச் சேகரிக்கத் தொடங்கினார்கள். வீடு வீடாகச் சென்று நோட்டுகளின் படிகளைச் சேர்த்தார்கள். வயதான பெண்களைப் பாடச் சொல்லி நாடாவில் பதிவு செய்தார்கள். பிறகு ஸ்கறியா சக்கறியா போன்ற மலையாள அறிஞர்கள் வந்து, ஒரே பாட்டின் பல படிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள்.

அப்போதுதான் பிழைகளின் அருமை தெரிந்தது. படியெடுத்த பெண்ணுக்குப் பழைய சொல் ஒன்று புரியாமல் போயிருக்கும். காதில் விழுந்தபடி எழுதியிருப்பாள். இன்னொருத்தி அதையே வேறு விதமாக எழுதியிருப்பாள். இரண்டு தவறான வடிவங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, பேச்சிலிருந்து எப்போதோ மறைந்துபோன சொல் எழுந்து வரும். எவளாவது ஒருத்தி தன் பாட்டியின் எழுத்தைப் 'பிழை' என்று திருத்தியிருந்தால் அந்தச் சொல் அவளோடு போயிருக்கும்.

2004இல் ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்து யூத இசை ஆய்வு மையம் இந்தப் பாடல்களை ஒலித்தட்டாக வெளியிட்டது. அதற்குள் இஸ்ரேலில் வாழ்ந்த கொச்சிப் பெண்கள் மீண்டும் கூடிப் பாடத் தொடங்கியிருந்தார்கள். 1954இல் கொச்சி யூதர்கள் குடியேறிய நெவாதீம் ஊரில் அவர்களுக்கென்று ஒரு பள்ளியும் மரபு மையமும் இருக்கின்றன. நோட்டில் சொற்கள் மட்டுமே இருந்தன. மெட்டு பாடகிகளின் தொண்டையில் இருந்தது. எந்தப் பாட்டைப் பாடிக் காட்ட ஒருவர்கூட எஞ்சவில்லையோ, அது இன்று வெறும் வரிகளாகக் கிடக்கிறது.

ஆகவே நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடியது இது. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கங்களையும் ஓரக் குறிப்புகளையும் விடாமல், நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள். பிறகு பாட்டியின் எதிரில் உட்கார்ந்து, நோட்டை அவர் கையில் கொடுத்து, முதல் பாட்டிலிருந்து பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நடுவில் நிறுத்தி ஏதாவது சொன்னால், யாரிடம் கற்றேன், எந்தக் கல்யாணத்தில் பாடினேன் என்று பேச ஆரம்பித்தால், பதிவை நிறுத்தாதீர்கள். அவர் எழுதியபடிக்கும் பாடியபடிக்கும் வேறுபாடு இருந்தால் இரண்டையும் அப்படியே குறித்துவையுங்கள். பாட்டிக்கு வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடாமல் உடனே தொடங்குங்கள்.